எல்லோரும் வந்திருந்தால் பெய்யும் மழை

பொட்டலேந்தலில் மழை பெய்வதில்லை. மேகங்கள் மேற்கே இருந்து கூட்டமாகக் கிளம்பி வரும், எங்கள் ஊர் எல்லையில் சீமைக்கருவேலங்காட்டைப் பார்த்ததும் வேறு ஏதோ வேலை ஞாபகம் வந்தவை போல ஒதுங்கிக் கடல் பக்கம் போய்விடும். அதனால், நாங்கள் ஆறாம் வகுப்பில் சேர்ந்த வருஷம் ஆடி மாதத்து மத்தியானம் ஒன்றில், சத்துணவு சாப்பிட்டு வந்து உட்கார்ந்த எங்கள் தலையில் வகுப்பறைக்குள்ளேயே தூறல் விழுந்தபோது, கணக்கு நடத்திக்கொண்டிருந்த லூர்துமேரி டீச்சர், மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிதான் உடைந்துவிட்டது என்று நினைத்தார். பள்ளிக்கூடத்துக்குத் தண்ணீர்த் தொட்டியே கிடையாது என்பது அவருக்கு ஞாபகம் வருவதற்குள் நாங்கள் எல்லோரும் நனைந்திருந்தோம்.

வெளியே வெயில் காய்ந்துகொண்டிருந்தது. ஜன்னல் வழியே பார்த்தால் கொடிக்கம்பத்து நிழலில் ஒரு நாய் நாக்கைத் தொங்கப்போட்டுப் படுத்திருந்தது. உள்ளே, கூரைக்கு ஒரு முழம் கீழே, ஒன்றுமே இல்லாத இடத்திலிருந்து சன்னமான, அவசரமில்லாத மழை இறங்கி, எங்கள் நோட்டுகளையும் பைகளையும் டீச்சருடைய வருகைப் பதிவேட்டையும் நனைத்து, தரையில் தேங்கி, வாசற்படி தாண்டி வராந்தாவில் ஓடி, அங்கே வரிசையாக விட்டிருந்த எங்கள் செருப்புகளை ஒவ்வொன்றாகக் கிளப்பிக்கொண்டு போனது. கடைசி மணி அடித்ததும் நின்றுவிட்டது.

மறுநாளும் பெய்தது. அதற்கு அடுத்த நாளும் பெய்தது. மேலதிகாரிகள் வந்து பார்த்துவிட்டுக் கூரை ஒழுகுகிறது என்று எழுதிக்கொண்டு போனார்கள், கொத்தனார் வந்து மேலே புதிதாகத் தளம் போட்டார், மழை புதுத் தளத்துக்கும் ஒரு முழம் கீழேயிருந்து பெய்தது. ஹெட்மாஸ்டர் எங்களைப் பக்கத்து அறைக்கு மாற்றினார். மழையும் எங்களோடு மாறி வந்தது. அதன் பிறகு அவர் மாற்றவில்லை.

மத்தியானத்தில் மட்டும் பெய்த இந்த மழைக்கு இரண்டு சட்டம் உண்டு என்பதை லூர்துமேரி டீச்சர்தான் கண்டுபிடித்தார். ஒன்று, வகுப்பில் பாடம் நடக்க வேண்டும். டீச்சர் வராமல் நாங்கள் சும்மா உட்கார்ந்து கத்திக்கொண்டிருந்தால் ஒரு சொட்டு விழாது. இன்னொன்று, நாங்கள் முப்பத்தோரு பேரும் உள்ளே இருக்க வேண்டும். வழிவிட்டான் தன் தங்கச்சியின் காதுகுத்துக்குப் போன அன்று பெய்யவில்லை, அவன் மொட்டைத் தலையோடு திரும்பி வந்து உட்கார்ந்ததும் பெய்தது. டீச்சர் எங்களை ஒவ்வொருவராக வெளியே அனுப்பிப் பார்த்தார், முதல் பெஞ்சுப் பிள்ளை போனாலும் நின்றது, கடைசி பெஞ்சுப் பிள்ளை போனாலும் நின்றது, யார் படிக்கிற பிள்ளை யார் படிக்காத பிள்ளை என்று அது பார்க்கவில்லை.

இது ஊருக்குத் தெரிந்த பிறகு ஊர் சும்மா இருக்கவில்லை. அதுவரை எங்கள் பெண்கள் தள்ளுவண்டியில் குடம் அடுக்கிக்கொண்டு பக்கத்து ஊருக்கு நடந்து, ஊற்றுக் குழியில் கொட்டாங்கச்சியால் கோரிக் கோரி நிரப்பிவந்தவர்கள். அவர்கள் கடப்பாரையோடு வந்து வகுப்பறைச் சுவரின் அடியில் துளை போட்டு, அங்கிருந்து ஊருணி வரைக்கும் வாய்க்கால் வெட்டினார்கள். ஊருணி என்று பெயர்தானே தவிர அதில் நாங்கள் கிரிக்கெட் விளையாடிக்கொண்டிருந்தோம். கார்த்திகை வருவதற்குள் பிட்ச் மூழ்கிவிட்டது, மாசியில் படித்துறையின் கடைசிப் படி நனைந்தது, ஏழாம் வகுப்பு முடிவதற்குள் எங்கிருந்தோ தவளைகள் வந்து சேர்ந்தன.

நாங்கள் நனைந்துகொண்டே படித்தோம். உரச்சாக்கைக் கொங்காணியாக மடித்துத் தலையில் போட்டுக்கொள்வோம். ஈரப் பலகையில் சாக்பீஸ் எழுதாது என்பதால் மத்தியானப் பாடம் எல்லாம் வாய்ப்பாடம்தான், டீச்சர் குடையைப் பிடித்துக்கொண்டு சொல்ல நாங்கள் மழைச் சத்தத்துக்கு மேலே சத்தமாகத் திருப்பிச் சொல்ல, ஒரு தடவை அப்படிச் சொன்னது எதுவும் எங்களுக்கு மறக்கவில்லை. எங்களில் யாருக்கும் சளி பிடித்ததும் இல்லை.

பஞ்சாயத்துத் தலைவர் கோட்டைச்சாமி காலையில் முதல் வேலையாக எங்கள் வகுப்பை எட்டிப் பார்த்து எண்ணிவிட்டுத்தான் டீக்குடிக்கப் போவார். ஒரு தலை குறைந்தால் தமுக்கு அடித்துக்கொண்டு அந்த வீட்டுக்கு ஆள் போகும். காதுகுத்து, கல்யாணம், கிடாவெட்டு எல்லாம் ஞாயிற்றுக்கிழமைக்கு மாறின. எங்கள் ஊரில் பிள்ளைகள் ஏழாவது எட்டாவதோடு நின்றுவிடுவது வழக்கம். பையன்களை வடக்கே முறுக்குக் கடைக்குக் கூட்டிப்போக ஆள் வரும், மற்றவர்களை விறகு எரித்துக் கரி எடுக்கும் கரிமூட்டத்துக்கும் செங்கல் சூளைக்கும் குடும்பத்தோடு ஏற்றிப்போக வண்டி வரும். இப்போது அந்த ஆட்கள் பேருந்தை விட்டு இறங்கியதும் பெண்கள் நின்று, "இந்தச் செட்டுப் பிள்ளைகளைக் கேக்காதீங்க, வேற சோலியப் பாருங்க" என்று அதே பேருந்தில் திருப்பி ஏற்றிவிட்டார்கள். ஒன்பதாம் வகுப்பில் அறிவியல் ஆசிரியர் மாற்றலாகிப் போய் இடம் காலியாகக் கிடந்தபோது, கோட்டைச்சாமி மாவட்டத் தலைநகருக்குப் போய், ஆபீஸ் வாசலில் துண்டை விரித்துப் படுத்து, ஆள் போட்டு உத்தரவு வந்த பிறகுதான் எழுந்தார். பாடம் நடக்காவிட்டால் மழை இல்லையே.

இப்படியாக, பொட்டலேந்தல் அரசு மேல்நிலைப் பள்ளியில் ஆறாவது சேர்ந்த ஒரு பிள்ளைகூடக் குறையாமல் பன்னிரண்டாவது வந்த முதல் வகுப்பு நாங்கள்.

கடைசி நாள் மத்தியானம் லூர்துமேரி டீச்சர், "இன்னைக்குப் பாடம் வேண்டாம், பேசிக்கிட்டு இருப்போம்" என்றார். மழை வரவில்லை. ஜன்னலுக்கு வெளியே ஊரே நின்றது, அப்பா அம்மாக்கள், கேசரிச் சட்டியோடு சத்துணவு அக்கா, எல்லோர் முகமும் கூரையையே பார்த்தன. டீச்சர் யோசித்துவிட்டு, "சரி, பாடம்தான். வாய்மொழிக் கட்டுரை. தலைப்பு, நமது பள்ளி நாட்கள். ஒவ்வொருத்தரா எந்திரிச்சுச் சொல்லணும்" என்றார். மழை கொஞ்சம் தயங்கியது. இது பாடத்தில் சேர்த்தியா இல்லையா என்று அதற்கே சந்தேகம் போல. பிறகு பெய்தது.

முதலில் சிக்கந்தர் எழுந்தான். எட்டாவதில் அவனுக்கு அம்மை போட்டபோது அவன் அம்மா அனுப்பமாட்டேன் என்றதும், ஊர் கூடி அவனைக் கட்டிலோடு தூக்கிவந்து வகுப்பின் மூலையில் வேப்பிலைக் கொத்துக்கு நடுவே போட்டதையும், மழைத் தண்ணீர் பட்டுப் பட்டு அரிப்பு அடங்கி அவன் தூங்கிப்போனதையும், அடுத்த வாரம் பாதி வகுப்புக்கு அம்மை போட்டதால் கட்டில் வைக்க இடமில்லாமல் பெஞ்சுகளை வெளியே போட்டதையும் சொன்னான். சிரித்தோம். வழிவிட்டான், குரூப் போட்டோ எடுக்க வந்த போட்டோக்காரர் மழையில் கேமராவைத் திறக்க மாட்டேன் என்று எங்களை வெளியே வெயிலில் நிறுத்தி எடுத்ததையும், காய்ந்த தலையோடு இருந்த அந்தப் போட்டோவில் தன் மகன் எங்கே இருக்கிறான் என்று அவன் அம்மா பஞ்சவர்ணம் ரொம்ப நேரம் தேடியதையும் சொன்னான்.

அப்புறம் பூமயில் எழுந்தாள்.

பூமயிலின் அப்பா இருளாண்டி கரிமூட்டம் போடுகிறவர். தாயில்லாத பிள்ளை. ஒன்பதாவது முடிந்த லீவில் அவளைத் தாய்மாமன் மகனுக்குப் பேசி முடித்து, கல்யாணம் வரைக்கும் அங்கேயே இருக்கட்டும் என்று தொண்டிப் பக்கம் மாமன் வீட்டில் கொண்டுபோய் விட்டுவிட்டார். அவளுக்கு அப்போது பதினைந்து வயதுகூட ஆகவில்லை. ஜூன் மாதம் பள்ளி திறந்தது, அவள் இடம் காலியாக இருந்தது, டீச்சர் தொண்டை கட்ட நடத்தியும் மழை இல்லை. ஊருணித் தண்ணீர் படி படியாக இறங்கியது. ஆடி பிறந்ததும் ஊர் ஒரு லாரி பிடித்து மாமன் வீட்டு வாசலில் போய் உட்கார்ந்தது.

மாப்பிள்ளையின் தாயார் வெளியே வந்து, "தண்ணிக்காக ஒரு வீட்டுப் பொண்ணக் கேக்குறது எந்த ஊரு நியாயம்?" என்றார்.

"தண்ணிக்குத்தான் கேக்குறோம் மதினி. வேற எதுக்குக் கேட்டாலும் குடுக்கவா போறீங்க?" என்றார் கோட்டைச்சாமி.

சாயங்காலம் வரைக்கும் பேசி, கல்யாணப் பேச்சை முறித்துக்கொண்டுதான் கூட்டிவந்தார்கள். இது எங்கள் எல்லோருக்கும் தெரிந்த கதை. ஆனால் பூமயில் அதைப் பற்றி ஒரு நாளும் வாய் திறந்ததில்லை. அன்றைக்குத்தான், கொங்காணியை இறக்கிவிட்டுத் தலை நனைய நின்றுகொண்டு சொன்னாள்.

"லாரில வர்றப்ப எல்லாரும் சிரிச்சுப் பேசிக்கிட்டு வந்தாங்க. எனக்கு மட்டும் அழுகையா வந்துச்சு. இத்தன சனத்துல ஒருத்தர்கூட எனக்காக வரலையேன்னு. இங்க வந்து உக்காந்ததும் மழை பேஞ்சிச்சு. வெளிய எல்லாரும் குலவை போட்டாங்க. நான் யாரையும் பாக்கல டீச்சர், உங்களத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன். அன்னைக்கு நடத்துனது மட்டும் அப்படியே இருக்கு."

"என்ன நடத்துனேன்?" என்றார் டீச்சர்.

"அறிவியல் சார் லீவு. நீங்கதான் வந்தீங்க. மீன் தண்ணிக்குள்ள எப்படி மூச்சு விடுதுன்னு நடத்துனீங்க."

தூத்துக்குடியில் மீன்வளப் படிப்பு படிக்கப்போவதாக அவள் சொல்லிக்கொண்டிருந்ததன் காரணம் அன்றுதான் எங்களுக்குத் தெரிந்தது.

அவள் உட்காருவதற்குள் கோட்டைச்சாமி குடையோடு உள்ளே வந்தார். வந்தவர் குடையை மடக்கிச் சுவரில் சாய்த்துவிட்டு, வெள்ளைச் சட்டை உடம்போடு ஒட்ட நனைந்துகொண்டு, எங்களைப் பார்த்துக் கைகூப்பினார். எங்களுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை, எழுந்து நின்றோம்.

"பிள்ளைகளா, சுத்தி வளைக்காமக் கேக்குறேன்" என்றார். "இந்தப் பரீட்சைய மட்டும் எழுதாதீங்க. எழுதுனாலும் தப்பா எழுதுங்க. ஃபெயிலானாத் தனித்தேர்வுன்னு வெளியதான் போகணும்பாங்க, அது தெரியும். நான் ஹெட்மாஸ்டர்கிட்ட பேசிட்டேன். இதே ரூமு, இதே டீச்சரு, நடத்துறதுக்கு ஏற்பாடு பண்றேன். ஒரே ஒரு வருஷம். ஆழ்துளை போடக் கேட்டிருக்கோம், அது வர்ற வரைக்கும்."

ஜன்னலில் நின்றவர்கள் யாரும் அதிர்ச்சியாகவில்லை. அவர்களுக்கு முன்னமே தெரிந்திருந்தது. வழிவிட்டான் தன் அம்மாவைப் பார்த்தான். பஞ்சவர்ணம் முந்தானையைச் சுருட்டிக்கொண்டே, "நான் கேக்கச் சொல்லல. ஆனா வேண்டாம்னும் சொல்லல" என்றார்.

எங்களுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். ஆனால் அந்த அறையில் நின்று யோசித்தபோது, கொட்டாங்கச்சியால் கோரிய தண்ணீரும், எங்கள் அம்மாக்களின் உள்ளங்கையில் காய்த்துப்போயிருந்த வண்டித் தழும்பும்தான் கண் முன்னால் வந்தன. சிக்கந்தர் மலேசியாவில் தன் மாமு வைத்திருந்த கடைக்கு வேலைக்குப் போக நாள் குறித்திருந்தான், அவன் கொங்காணியை இழுத்து முகத்தை மறைத்துக்கொண்டான்.

பூமயில் இன்னும் உட்காராமல் நின்றிருந்தாள்.

"நான் இருக்கேன் தலைவரே" என்றாள். "பத்தாவது, பதினொண்ணு, பன்னெண்டு, மூணும் எனக்கு இந்தத் தண்ணி குடுத்த வருஷம். இன்னொரு வருஷம் கேட்டா இல்லன்னு சொல்ல மாட்டேன்."

எல்லோரையும்விட வெளியே போக ஆசைப்பட்டவள் அவள். அவளே இருக்கிறேன் என்ற பிறகு நாங்கள் என்ன சொல்ல முடியும்? ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் நின்றோம். கோட்டைச்சாமி கண்ணைத் துடைத்துக்கொண்டார், மழையா கண்ணீரா என்று தெரியவில்லை.

அப்போது ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்ற இருளாண்டி பேசினார். ஊர்க் கூட்டத்தில் அவர் பேசி யாரும் கேட்டதில்லை. கரி ஏறிய கைகள், சன்னமான குரல், அதனால் முன்னால் நின்றவர்கள் திரும்பி, பின்னால் நின்றவர்களைப் பேசாமல் இருக்கச் சொன்னார்கள்.

"அண்ணே, ஒண்ணு கேக்கணும். எம்மவளை நான் ஒரு தடவ நிறுத்துனேன். ஊரே லாரி பிடிச்சு வந்து, நீ செஞ்சது தப்புன்னு சொல்லுச்சு. நானும் தப்புத்தான்னு தல குனிஞ்சேன். இந்த மூணு வருஷமா குனிஞ்சுக்கிட்டுத்தான் நடக்கேன். இப்ப ஊரே அவள நிறுத்துதுன்னா, அன்னைக்கு நான் செஞ்சது சரின்னு ஆகுதா?"

கோட்டைச்சாமி சுவரில் சாய்த்து வைத்த குடையைப் பார்த்தார்.

"சரின்னா சொல்லிருங்க. நிமிந்து நடந்துக்கிறேன்" என்றார் இருளாண்டி. அவர் குரலில் கோபம் இல்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்பவர் போலத்தான் கேட்டார்.

ஜன்னலில் இருந்த முகங்கள் கூரையைப் பார்ப்பதை விட்டு எங்களைப் பார்த்தன, ஒவ்வொரு முகமாக, காணாமல் போன ஆட்டைத் தேடி மந்தையைப் பார்ப்பது போல. கோட்டைச்சாமி கடைசி பெஞ்சுக்கு நடந்து போய், வழிவிட்டானைத் தள்ளி உட்காரச் சொல்லி, அவன் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"மணி அடிக்க இன்னும் நேரம் இருக்கா டீச்சர்?"

"இருக்கு."

"அப்ப நடத்துங்க. பரீட்சைக்கு எதெது வரும்னு தோணுதோ அதையெல்லாம் நடத்துங்க."

அன்றைக்கு மணி அடிக்கிற வாட்ச்மேன் மணி அடிக்கவில்லை. டீச்சர் தனக்குத் தெரிந்ததையெல்லாம் நடத்தினார், அவருக்குத் தெரியாததை அறிவியல் சார் வந்து நடத்தினார், நாங்கள் திருப்பிச் சொல்லச் சொல்ல, ஜன்னலில் நின்றவர்களும் புரிந்தும் புரியாமலும் கூடவே சொன்னார்கள், ஊரே ஒரே குரலில் அமிலமும் காரமும் சேர்ந்தால் உப்பு என்று சொன்னது. பொழுது சாய்கிற வரைக்கும் பெய்தது. ஊருணி நிறைந்து வழிந்து, வழிந்த தண்ணீர் கருவேலங்காட்டுக்குள் போய் நின்றது.

பரீட்சை நடந்த நாட்களில் எங்கள் அம்மாக்கள் விடியற்காலையில் எங்களை எழுப்பி, பக்கத்து ஊர் மையத்துக்கு வண்டியில் ஏற்றிவிட்டார்கள். வைகாசியில் ரிசல்ட் வந்தது. எல்லோரும் பாஸ். கோட்டைச்சாமி ஊருக்கே லட்டு கொடுத்தார். அதைத் தின்றவர்கள் சிரித்தார்கள், சிலர் ஊருணிப் பக்கம் பார்த்துக்கொண்டே தின்றார்கள்.

அப்புறம் நாங்கள் கலைந்தோம். சிக்கந்தர் மலேசியா போனான், வழிவிட்டான் பரமக்குடியில் ஐடிஐ சேர்ந்தான், சிலர் மதுரை, சிலர் திருப்பூர், பூமயில் தூத்துக்குடி. நாங்கள் இருந்த அறையில் அடுத்த செட்டு வந்து உட்கார்ந்தது. முதல் வாரம் ஊர் முழுக்க மத்தியானம் வந்து ஜன்னலில் நின்று பார்த்தது. பெய்யவில்லை. புதிதாக வந்த ஆறாம் வகுப்பிலும் போய்ப் பார்த்தார்கள், அங்கேயும் இல்லை. ஆழ்துளை போட்டதில் உப்புத் தண்ணீர்தான் வந்தது. ஊருணியைச் சுற்றி வேலி போட்டு, வீட்டுக்கு இத்தனை குடம் என்று முறை வைத்துப் புழங்க ஆரம்பித்தார்கள். முறுக்குக் கடைக்காரர்கள் மறுபடியும் பேருந்தை விட்டு இறங்கினார்கள்.

ஐப்பசியில் ஒரு நாள் பூமயில் ஹாஸ்டலில் இருக்கும்போது இருளாண்டி போன் செய்தார். அவராகப் போன் செய்வது அபூர்வம். பின்னால் பேருந்துச் சத்தம் கேட்டது. எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்டதற்கு, மதுரையிலிருந்து திரும்பிக்கொண்டிருப்பதாகவும், கோட்டைச்சாமி பக்கத்து இருக்கையில் தூங்குவதாகவும் சொன்னார். இந்த வருஷம் ஆறாம் வகுப்பில் சேர்ந்த முத்திருளாயி என்ற பிள்ளையைச் செங்கல் சூளைக்குக் கூட்டிப்போய்விட்டார்களாம். இவர்கள் இரண்டு பேரும் போய், சூளைக்காரனோடு மல்லுக்கட்டி, பிள்ளையின் அப்பனையும் சமாதானப்படுத்தி, கூட்டிக்கொண்டு வருகிறார்களாம். பிள்ளை ஜன்னலோரம் உட்கார்ந்து வேடிக்கை பார்த்துக்கொண்டு வருகிறதாம்.

பூமயில் போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். "அந்த வகுப்புல மழை பேஞ்சிச்சாப்பா?"

"இல்ல ஆத்தா. ஒரு நாளும் பேயல."

"பெறகு எதுக்குப்பா போனீங்க?"

பேருந்து எங்கோ நின்று, ஆட்கள் இறங்கி, மறுபடி கிளம்புகிற சத்தம் கேட்டது. இதையெல்லாம் பூமயில் அன்றே எங்கள் வகுப்பு வாட்ஸ்அப் குரூப்பில் எழுதினாள், மலேசியாவிலும் திருப்பூரிலும் இருந்து நாங்கள் அதைத் திரும்பத் திரும்பப் படித்தோம்.

"வகுப்புல ஒரு இடம் காலியா இருந்துச்சு" என்றாராம் அவர். "பாக்க நல்லா இல்ல."